இறங்குவது கழகம், இடிந்து போவது ரசிகன்

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே! தீர்ப்பு எங்கள் பக்கம்தான் என்று தெரிந்தும் முகத்தில் காட்டிக் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணியின் தோழர்களே! முதல் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்திருக்கிற, இரண்டாம் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிற ஓசூர்த் தொழிலாளத் தோழர்களே! கிருஷ்ணகிரியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

இந்த ஊரில் பேசுவது ஒரு தனி சுகம். நான் தமிழில் பேசுவேன். நீங்கள் தமிழில் கேட்பீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தெலுங்கில் அபிப்பிராயம் சொல்வீர்கள். பிடிக்கவில்லை என்றால் கன்னடத்தில் திட்டுவீர்கள். (சிரிப்பு, கைதட்டல்) மூன்று மொழியிலும் சிரிப்பு ஒன்றுதான். அதனால் எனக்குக் கவலை இல்லை.

நடுவர் அவர்கள் தலைப்பை அறிவித்தார்கள். "ஒரு கால்பந்துக் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும்போது பெரிதும் பாதிக்கப்படுவது கழகமா? ரசிகனா?" "கழகம்... இறக்கப்படும்போது" என்று சொன்னவுடனே முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து விட்டார்கள். (சிரிப்பு) ஐயா, உட்காருங்கள்! இது அந்தக் கழகம் இல்லை. இது பந்து உதைக்கிற கழகம். ஆட்களை உதைக்கிற வேலையெல்லாம் இங்கே கிடையாது. (பலத்த சிரிப்பு)

முதலில் இந்தத் தரமிறக்கம் என்றால் என்ன என்று நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் பையன் பத்தாம் வகுப்பில் தோற்றால் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பையே மறுபடி எழுதச் சொல்கிறோம். கால்பந்தில் அப்படி இல்லையம்மா! பத்தாவதில் தோற்றால் பையைத் தூக்கிக் கொண்டு ஒன்பதாவதுக்குப் போ என்று அனுப்பி விடுகிறான். அங்கே முன்னணியில் நின்ற பையன்கள் மேலே வந்து உன் பெஞ்சில் உட்கார்ந்து கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏணி, இந்தப் பாம்பு, இரண்டும் சேர்ந்த ஆட்டம் தானாக நடந்து கொண்டிருக்கிறது. இன்றைக்கு அங்கே பிரீமியர் லீகில் இருபது அணிகள். வருடா வருடம் கடைசி மூன்று அணிகள் கீழே.

நமக்கு இது புரிவது கொஞ்சம் சிரமம். ஏனென்றால் நமக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட். 2025ஆம் ஆண்டு ஐ.பி.எல்.லில் நம்முடைய சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவது இடம். என்ன ஆயிற்று? கீழே இறக்கினார்களா? இல்லை. அடுத்த ஏலம், அடுத்த சீசன், அதே மஞ்சள் சட்டை. நாமும் விசிலைத் துடைத்து வைத்துக் கொண்டோம். கால்பந்து விதி அங்கே இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் அடுத்த வருஷம் மும்பையும் வராது, பெங்களூரும் வராது. ஊர் பேர் தெரியாத அணிகள்தான் வரும். அப்போது உங்கள் நெஞ்சில் ஒரு வலி வரும் பாருங்கள், அந்த வலியைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார்கள். கழகத்துக்குத் தொலைக்காட்சிப் பணம் போய்விடும், விளம்பரதாரர் போய்விடுவார், நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள் என்று பட்டியல் போட்டார்கள். அம்மா, பட்டியல் முழுக்க உண்மை. ஒரு வரி கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்பக்கம் ஒன்று எழுதியிருக்கிறது. அதை நீங்கள் படிக்கவில்லை. நான் படிக்கிறேன்.

பிரீமியர் லீகிலிருந்து கீழே விழுகிற கழகத்துக்கு அந்த லீகே ஒரு பணம் கொடுக்கிறது. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? பாராசூட் பணம்! மேலே இருக்கும் அணிகளுக்குச் சமமாகப் பிரித்துத் தரும் தொலைக்காட்சிப் பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், இரண்டாம் வருஷம் 45 சதவீதம், மூன்றாம் வருஷம் 20 சதவீதம். ஒரே ஒரு வருஷம் மேலே இருந்துவிட்டு விழுந்தவனுக்கு மட்டும் இரண்டு வருஷத்தோடு நிறுத்தம். அதாவது, விழுகிறாயா? மெதுவாக விழு, காலை ஒடித்துக் கொள்ளாதே என்று துணி கட்டி இறக்குகிறான். ஆட்டக்காரனுடைய ஒப்பந்தத்தில் பார்த்தால், அணி இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும், இவ்வளவு தொகை கொடுத்தால் வேறு அணிக்குப் போய்விடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்கிறவர்கள் பலர். முதலாளிக்கும் ஒரு வழி உண்டு. கிடைத்த விலைக்குக் கழகத்தை விற்றுவிட்டுப் போகலாம்.

கழகத்துக்குப் பாராசூட் உண்டு. ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் உண்டு. முதலாளிக்கு விற்பனைப் பத்திரம் உண்டு. ரசிகனுக்கு என்னய்யா இருக்கிறது? அவன் அந்த உயரத்திலிருந்து வெறும் உடம்போடு விழுகிறான்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஔவையார் மூதுரையில் ஒரு குளத்தைக் காட்டுகிறார். தண்ணீர் இருந்த வரைக்கும் அந்தக் குளத்தில் பறவைகள் கூட்டம். தண்ணீர் வற்றியது. பறவைகள் பறந்து விட்டன. ஆனால் அதே குளத்தில் கொட்டி இருந்தது, ஆம்பல் இருந்தது, நெய்தல் இருந்தது. அவை எங்கேயும் போகவில்லை. குளம் வாடியபோது சேர்ந்து வாடின. உறவென்றால் அதுதான் உறவு என்கிறார். நான் கேட்கிறேன், ஒரு கழகம் வற்றுகிறபோது பறக்கிறவன் யார்? கிடந்து வாடுகிறவன் யார்? விளம்பரதாரர் நாரை. நட்சத்திர ஆட்டக்காரர் கொக்கு. நூறு ரூபாய் டிக்கெட் வாங்கி வெயிலில் உட்காருகிறானே, அவன்தான் கொட்டியும் ஆம்பலும்!

எதிரணித் தம்பி உடனே கையைத் தூக்குவார். "ஐயா, ஆட்டக்காரன் எல்லாம் பறந்துதான் போகிறானா? 2006இல் இத்தாலியில் யுவென்டஸ் அணியை முறைகேட்டு வழக்கில் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளினார்களே, அப்போது பஃபான் இருந்தாரே, டெல் பியரோ இருந்தாரே?" என்று கேட்பார். இருந்தார்கள். அந்த ஜூலையில் உலகக் கோப்பையை வென்ற கை. அதே கையோடு இரண்டாம் பிரிவில் போய்க் கோல் காத்தார் பஃபான். தலைவணங்குகிறேன். ஆனால் தம்பி, அந்த உலகக் கோப்பை அணிக்குத் தலைவராக இருந்த கன்னவாரோ எங்கே போனார்? அதே அணியிலிருந்து மேட்ரிட் போனார். பஃபானைப் பற்றி இருபது வருஷம் கழித்தும் ஏன் பேசுகிறோம்? ஆட்டக்காரன் தங்கினால் அது செய்தி. ரசிகன் தங்கினால் அது செய்தியே இல்லை! தாய் பிள்ளைக்குச் சோறு போட்டாள் என்று எந்தப் பத்திரிகையாவது தலைப்பு போடுமா? (கைதட்டல்)

இனி எதிரணியின் பெரிய அம்புக்கு வருகிறேன். "ரசிகனுக்கு வருத்தம்தான் வரும், கழகத்துக்கு உயிரே போய்விடும். ஜே.சி.டி.யைப் பாருங்கள்" என்றார் அவர்கள் அணித்தலைவர். நல்ல அம்பு. நம் நாட்டுச் சரித்திரம். இந்த ஊர்த் தொழிலாளர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய சரித்திரம்.

பஞ்சாபில் பக்வாரா என்று ஓர் ஊர். நம் ஓசூர் மாதிரி ஆலை ஊர். அங்கே ஜகத்ஜித் பருத்தி ஆலை. அந்த ஆலையின் பெயரில் 1971இல் ஆரம்பித்த அணி ஜே.சி.டி. 1996-97இல் இந்த நாட்டில் முதன்முதலாகத் தேசியக் கால்பந்து லீக் நடந்தது. முதல் கோப்பை யாருக்கு? கல்கத்தாவுக்கு இல்லை, கோவாவுக்கு இல்லை, ஜே.சி.டி.க்கு! பாய்ச்சுங் பூட்டியா அந்த லீகில் அதிகக் கோல் போட்டார். நம் பக்கத்து மாநிலத்து ஐ.எம்.விஜயன் கூட ஆடினார். அப்பேர்ப்பட்ட அணி 2010-11 ஐ-லீகில் கீழே இறக்கப்பட்டது. சில வாரங்கள்தான். 2011 ஜூன் மாதம் அணியையே கலைத்து விட்டார்கள். நாற்பது வருஷத்து அணி!

எதிரணித் தலைவர் இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, கழகம் செத்தது" என்றார். ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். செத்தவனுக்கு வலிக்குமா, புதைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு வலிக்குமா? (கைதட்டல்) அணியைக் கலைத்தார்கள், சரி. நிறுவனம் தன் துணி வியாபாரத்தைப் பார்க்கப் போனது. ஆட்டக்காரர்கள் வேறு வேறு அணிகளைத் தேடிப் போனார்கள். மறுநாள் காலையில் பக்வாராவில் எழுந்திருந்த ஒரு ரசிகனுக்குப் போக ஓர் இடம் சொல்லுங்கள். இழவு வீட்டில் இறந்தவர் கணக்கு முடிந்து விடுகிறது. இருக்கிறவர் கணக்குத்தான் தொடர்கிறது.

சரி, பஞ்சாப் தூரம். அத்திப்பள்ளியைத் தாண்டுவோம். காவிரிப் பிரச்சினை வந்தால் பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டு நாம் நடந்து போக வேண்டும். ஆனால் இன்றைக்கு பஸ் ஓடுகிறது, அதனால் தைரியமாகப் போகலாம். (சிரிப்பு) பெங்களூரில் அரசாங்க ஆலைகளுக்கெல்லாம் கால்பந்து அணி இருந்த காலம் ஒன்று உண்டு. தொலைபேசிக் கருவி செய்த ஐ.டி.ஐ. ஆலையின் அணி, 1977இல் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் யார்? மோகன் பகான்! போனுக்குச் சுற்று போட்ட தொழிலாளிகளின் அணி கல்கத்தாவின் மகாராஜாக்களைத் தோற்கடித்தது. விமானம் செய்யும் எச்.ஏ.எல். அணி 2010இல் ஐ-லீகுக்குத் தகுதி பெற்று மேலே வந்தது. இரண்டு சீசன் தாக்குப் பிடித்தது. 2011-12இல் கடைசி இடம். இறக்கினார்கள். அதன் பிறகு அது ஐ-லீகுக்குத் திரும்பவே இல்லை.

அடுத்த வருஷமே, 2013இல், அதே பெங்களூருக்கு ஒரு புதிய அணி வந்தது. பெங்களூரு எஃப்.சி. ஒரு பெரிய எஃகு நிறுவனத்தின் அணி. அது ஏணியில் ஏறி வரவில்லை. நேரடியாக மேல் மாடிக்கே அனுமதி கொடுத்தார்கள். வந்த முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பையையும் வாங்கியது. நல்ல அணி. இந்தக் கூட்டத்தில் இருக்கிற இளைஞர்கள் பலர் சனிக்கிழமை கண்டீரவா ஸ்டேடியத்தில் நீலச் சட்டையோடு நிற்கிறவர்கள்தான். குறை சொல்லவில்லை. ஆனால் நகரத்துக்கு ஓர் அணி போய் இன்னோர் அணி வந்தது, கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெங்களூர்ப் பக்கம் ஓர் அரசு ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது ஓசூரில் வீடு. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக் கொள்வார். அவரிடம் கேட்டேன். "அண்ணா, இப்பத்தான் பெரிய அணி இருக்கே, போய்ப் பார்க்கறதில்லையா?" என்றேன். அவர் சொன்னார், "வாத்தியாரே, எங்க டீம்ல லெஃப்ட் விங்ல ஆடினவன் என் ஷாப்புல எனக்குப் பக்கத்து மெஷின்ல நின்னவன். சனிக்கிழமை கோல் போட்டான்னா திங்கக்கிழமை டீக்கு நான்தான் காசு கொடுப்பேன். கோட்டை விட்டான்னா அவன் கொடுக்கணும். இப்ப ஆடறவங்க நல்லாத்தான் ஆடறாங்க. ஆனா கோட்டை விட்டா யார்கிட்ட டீ கேக்கறது?" (சிரிப்பு, பிறகு நீண்ட கைதட்டல்)

நீங்கள் கைதட்டினீர்கள். அவர் சொல்லும்போது சிரிக்கவில்லை. நடுவர் அவர்களே, இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதுவது?

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கலாம், தப்பில்லை. டைட்டன் கடிகாரம் செய்து நாட்டுக்கே நேரம் காட்டுகிற ஊரில் கடிகாரத்தைப் பார்க்காமல் என்ன செய்வது? (சிரிப்பு) கடிகாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து அணி. 1963இல் அந்த நாட்டு முதல் பிரிவு லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறை கூடக் கீழே இறங்காத ஒரே அணி என்று அவர்களுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்காக மைதானத்தில் ஒரு பெரிய கடிகாரம் வைத்தார்கள். முதல் பிரிவில் நாம் இருந்து இத்தனை வருஷம், இத்தனை நாள், இத்தனை மணி, இத்தனை விநாடி என்று அது காட்டும். 54 வருஷத்துக்கு மேல் எண்ணியது. 2018 மே மாதம் அணி இறங்கியது. அந்த எண்ணிக்கை நின்றது. கழகத்தார் சாமர்த்தியசாலிகள். கழகம் பிறந்த நாளிலிருந்து எண்ணும்படி கடிகாரத்தை மாற்றி வைத்தார்கள். பிறகு 2019இல் கழற்றியே விட்டார்கள். கழகம் கடிகாரத்தைக் கழற்றிவிட்டது. ரசிகன் நெஞ்சுக்குள் ஓடிய கடிகாரத்தைக் கழற்ற எந்த ஸ்பேனர் இருக்கிறது? ஏழு சீசன் இரண்டாம் பிரிவில் கிடந்தது அந்த அணி. அப்போதும் 2023-24இல் சராசரியாக ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். 2025இல் மேலே ஏறியது. ஏற்றியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒரே ஓர் ஊர். இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து. ஓசூர் மக்கள் இந்த ஊரைக் கவனமாகக் கேட்க வேண்டும். கப்பல் கட்டிய ஊர் அது. நிலக்கரி வெட்டிய ஊர். 1988இல் கடைசிக் கப்பல் தளம் மூடப்பட்டது. 1993இல் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த அதே நிலத்தில் 1997இல் ஒரு கால்பந்து மைதானம் எழுப்பினார்கள். வாசலில் சுரங்கத் தொழிலாளி பிடித்த விளக்கு ஒன்றைப் பெரிதாகச் செய்து வைத்தார்கள். தாத்தா எந்த மண்ணுக்குக் கீழே வேலை செய்தாரோ, அந்த மண்ணுக்கு மேலே பேரன் உட்கார்ந்து கைதட்டுகிறான். இப்போது சொல்லுங்கள், அவனுக்கு அது வெறும் பந்தாட்டமா?

அந்த அணி 2017இல் இறங்கியது. 2018இல் மறுபடியும் இறங்கியது. ஒரே மூச்சில் இரண்டு படி. மூன்றாம் பிரிவு! நம் கணக்கில் பத்தாவதிலிருந்து எட்டாவதுக்கு. அந்த வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி மூன்றாம் பிரிவு ஆட்டம் ஒன்றுக்கு அந்த மைதானத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? 46,039. அந்த அணியைப் பற்றி ஓர் ஆவணத் தொடர் வந்தது. அதன் தொடக்கத்தில் தேவாலயத்தில் பாதிரியார் அணிக்காகப் பிரார்த்தனை செய்கிறார். நம் ஊரில் சந்திர சூடேஸ்வரர் மலையில் பிள்ளை பாஸாக வேண்டும் என்று தேங்காய் உடைப்பதில்லையா, அந்த மாதிரி. நான்கு சீசன் மூன்றாம் பிரிவில் கிடந்து, 2022இல் ஒரு படி ஏறி, 2025இல் பிரீமியர் லீகுக்குத் திரும்பியது.

கப்பல் தளத்தைக் காப்பாற்ற அந்த ஊர்க்காரனால் முடியவில்லை. சுரங்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஊர்ப் பெயரை உரக்கச் சொல்ல அவனுக்கு மிச்சம் இருந்தது பதினோரு பேர்தான். அந்தப் பதினோரு பேரும் சறுக்கினால் அவன் சறுக்குகிறான். வேலை போன தொழிலாளிக்குத் தெரியும், சம்பளம் போவதை விட "நீ எங்கே வேலை பார்க்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போவது பெரிய கஷ்டம் என்று. இந்த ஊரில் இதை அனுபவித்தவர்கள் இருக்கிறீர்கள். சிப்காட் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஏதோ ஒரு ஷெட்டைத் தாண்டும்போது சைக்கிளை மெதுவாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். தரமிறக்கத்தன்று ரசிகன் படுகிற பாடு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி இன்னொரு நியாயமான கேள்வி கேட்டார்கள். "கழகம் இறங்கினால் டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், சமையல்காரர், இவர்களுக்கு வேலை போகிறதே, அது கழகத்தின் பாதிப்பு இல்லையா?" என்றார்கள். அம்மா, அந்த ஏழைகளை நினைத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் அவர்கள் யார் கணக்கு? அவர்கள் எங்கிருந்தோ விமானத்தில் வந்தவர்களா? அதே ஊர்க்காரர்கள். திங்கட்கிழமை ஊழியர், சனிக்கிழமை ரசிகர். அவர்களுக்கு இரண்டு அடி. ஓர் அடியை உங்கள் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள். இன்னோர் அடியை என் கணக்கில் வையுங்கள். மேலே இருப்பவர் யாராவது அந்த இரண்டு அடியும் வாங்கினாரா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் ரசிகன் வேறு அணிக்கு மாறிக் கொள்ளலாமே" என்று தம்பி கேட்டார். தம்பி, நீங்கள் மறுபடியும் அந்தக் கழகத்தையும் இந்தக் கழகத்தையும் குழப்பிக் கொள்கிறீர்கள். தேர்தலில் தோற்றதும் துண்டு மாற்றுவது அங்கே. (பலத்த சிரிப்பு) இங்கே அப்பா கையைப் பிடித்து மைதானத்துக்குப் போன பிள்ளை மாற மாட்டான். இந்தத் தகடூர் மண்ணுக்கு நான் இதைச் சொல்ல வேண்டுமா? அதியமானின் தகடூரைச் சேரன் வென்றான். வென்றவனைப் பாடினால் பொன் கிடைக்கும். ஆனால் மாண்டு போன அதியமானுக்காக நெஞ்சு உருகிப் பாடினாள் ஔவை. மூதுரை ஔவை வேறு, இந்த ஔவை வேறு. அதில் சண்டை போட எங்களைப் போல் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள். (சிரிப்பு) தோற்றவன் பக்கம் நின்றவளைத்தான் இரண்டாயிரம் வருஷமாக நாம் கொண்டாடுகிறோம்.

2023 டிசம்பரில் பிரேசிலில் சான்டோஸ் அணி இறங்கியது. பெலே ஆடிய அணி. 1912இல் பிறந்து அதுவரை இறங்கியதே இல்லை. பெலே கண்ணை மூடி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அன்று இரவு தெருவில் கார்கள் எரிந்தன. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஊரான் காரைக் கொளுத்துவதற்குப் பெயர் பக்தி இல்லை. ஆனால் வீட்டில் ஓசையில்லாமல் அழுதவர்கள் எத்தனை லட்சமோ, அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. இரண்டாம் பிரிவில் இருக்கும் வரை பெலேயின் பத்தாம் எண் சட்டையை யாரும் அணிய மாட்டார்கள் என்று கழகத் தலைவர் அறிவித்தார். சட்டையை மடித்து வைத்தார்கள். துக்க வீட்டில் செய்கிற காரியம் அது. அடுத்த வருஷமே மேலே ஏறினார்கள்.

கடைசியாக ஒன்று. மணியில் கை வைத்து விட்டீர்கள், தெரிகிறது. "அப்படி வலிக்கும் என்றால் தரமிறக்கமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். 2014இல் தொடங்கிய நம் ஐ.எஸ்.எல். முதல் பத்து சீசனையும் தரமிறக்கம் இல்லாமலேதான் நடத்தியது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவில் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் சேர்ந்து, நிரந்தர உறுப்பினருக்குக் கீழே இறங்கும் பயமே இல்லாத ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. இங்கிலாந்து ரசிகன் கைதட்டினானா? தெருவுக்கு வந்தான்! "எங்களை இறக்கவே முடியாது என்று சொல்லாதே, தோற்றால் இறங்குகிற அணிதான் எங்களுக்கு வேண்டும்" என்று தன் கழகத்தையே எதிர்த்து நின்றான். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. கழகம் வலியிலிருந்து தப்பப் பார்த்தது. ரசிகன் அந்த வலி என்னுடையது, எடுத்துக் கொண்டு போகாதே என்றான். இறங்கும் வாய்ப்பு இருந்தால்தான் ஏறுவதற்கு ஒரு சின்ன ஊருக்கு வாசல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் ஓசூரிலிருந்து ஓர் அணி மேலே போக வேண்டுமென்றாலும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு பொருள் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது உடைந்தால் யாருக்கு ஈடு கிடைக்கிறது, யார் ஈடே இல்லாமல் அழுகிறான் என்று பாருங்கள். ஈடு வாங்கிக் கொண்டவன் வியாபாரி. ஈடு இல்லாமல் அழுதவன் சொந்தக்காரன்!

எனவே நடுவர் அவர்களே, பாராசூட்டில் இறங்கிய கழகத்தைப் பார்த்து ஏமாந்து விடாமல், பாராசூட் இல்லாமல் விழுந்தும், மறு சனிக்கிழமை அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தானே அந்த ரசிகன், அவனே பெரிதும் பாதிக்கப்படுகிறவன் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)